பேர் போடாத மஞ்சச் சீட்டு

ஜெகதாம்பாள்: கைய வைக்காத புள்ள. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

நஃபீசா: நான் எங்கக்கா கை வச்சேன்? படிக்கத்தான செய்யுறேன்.

ஜெகதாம்பாள்: படிக்கிறவ கண்ணால படி. வெரலு எதுக்கு அங்க போவுது?

நஃபீசா: சரியா ஒட்டல. ஃபேன் காத்துல ஆடுது. விழுந்துடப் போவுதேன்னு...

ஜெகதாம்பாள்: விழுந்தா விழுவுது. நமக்கென்ன?

நஃபீசா: நமக்கென்னவா?

ஜெகதாம்பாள்: ஆமா, நமக்கென்ன. வா, டீ ஆறிப்போவுது. பதினஞ்சு நிமிஷம்தான் விட்டிருக்காரு கோகுல்... சாரு.

நஃபீசா: பாருங்க, மறுபடியும் சாரு. பேர் சொல்லியே கூப்பிடுங்கன்னு நேத்திலேர்ந்து நூறு தடவ சொல்லிட்டாரு அந்த மனுஷன்.

ஜெகதாம்பாள்: டிரெய்னிங் குடுக்க வந்தவர பேர் சொல்லிக் கூப்பிடுறதா? பெங்களூர்ல வருமாயிருக்கும். எனக்கு நாக்குல வரல.

நஃபீசா: வரலன்னா பரவாயில்ல. நீங்க 'கோகுல்'னு ஆரம்பிச்சு, எச்சி முழுங்கி, ஒரு நிமிஷம் கழிச்சு 'சார்'னு முடிச்சீங்க பாருங்க... அங்கமுத்து சார் சிரிச்ச சிரிப்புல நாற்காலியே நகந்துடுச்சு.

ஜெகதாம்பாள்: சிரிப்பாரு சிரிப்பாரு. விசில் ஊதுற வாத்தியாருக்கு என்ன கவல? விசிலுக்கு பாஷை கிடையாது.

நஃபீசா: அதுக்காக நீங்க எருமன்னு சொல்லிருக்க வேணாம்.

ஜெகதாம்பாள்: என்ன பண்ணச் சொல்ற? 'உங்கள ஒரு மிருகமா நெனச்சுக்கங்க, என்ன மிருகம், ஏன்'னாரு. நேத்து காலைல ஆறு மணிக்கு பூலாம்பாடியில பஸ் ஏறி, ரெண்டு பஸ் மாறி, மே மாச வெயில்ல வந்து உக்காந்தா, எரும நெனப்புதான் வந்துச்சு. அதுக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல. கைய தலையில வச்சு கொம்பு காட்டுனேன்.

நஃபீசா: கொம்ப பாத்துட்டு, அவரு 'ஓ, டெவில்'னாரு...

ஜெகதாம்பாள்: பேயாம்! பிள்ளைங்க யாரும் அப்படிச் சொன்னதில்ல புள்ள, இருபத்தாறு வருஷத்துல.

நஃபீசா: அப்புறம் நான்தான காதுல சொன்னேன், 'பஃபலோ'.

ஜெகதாம்பாள்: சொன்ன. 'ஏன்'னு கேட்டதுக்கு 'பேஷன்ஸ்'னும் சொன்ன. எல்லாரும் கை தட்டுனாங்க. எனக்கு மானம் போச்சா, வந்துச்சான்னே தெரியல.

நஃபீசா: வந்துச்சுக்கா. பொறுமைக்கு எரும. நல்லாத்தான இருந்துச்சு?

ஜெகதாம்பாள்: நல்லாருந்தது உன்னுது. கொம்பு மட்டும்தான் என்னுது.

நஃபீசா: இருங்க, இந்தச் சீட்ட இன்னொரு தடவ படிக்கிறேன்.

ஜெகதாம்பாள்: எத்தன தடவ படிப்ப? மத்ததயும் படியேன். 'ஏசி எப்ப ரிப்பேர் பண்ணுவீங்க?' 'சாப்பாட்டுல ரசம் ஏன் இல்ல?' இது அங்கமுத்து சாருதான், ரசம் இல்லாம அவருக்கு ஆவாது. 'சர்டிபிகேட்ல போட்டோ வருமா?' இது அந்தப் புதுப் பொண்ணு, எல்கேஜி.

நஃபீசா: அதெல்லாம் யாரு எழுதினா யாருக்கென்ன? இது... 'நல்லா நடத்தத் தெரியும். ஆனா இங்கிலீஷ்ல பேச வராது. அப்படிப்பட்டவங்க இந்த ஸ்கூல்ல இருக்கலாமா, போயிடணுமா?'

ஜெகதாம்பாள்: மெதுவா படி.

நஃபீசா: டீ முடிஞ்சு உள்ள போனதும் கோகுல் சார் இத சத்தமா படிக்கப் போறாரு. முப்பது பேரு நடுவுல. கீதாஞ்சலி மேடமும் வந்து உக்காருவாங்க.

ஜெகதாம்பாள்: உக்காரட்டும். பிரின்சிபல்னா உக்காரத்தான் செய்வாங்க. பேர் போடாமத்தான எழுதச் சொன்னாங்க? பார்க்கிங் லாட்டாம். வண்டிய விட்டுட்டுப் போற மாதிரி மனசுல இருக்கற கேள்விய சீட்டுல எழுதி, சார்ட்டுல ஒட்டிட்டு, மறந்துட்டுப் போவணுமாம். யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க.

நஃபீசா: பேர்தான் போடல. மத்ததெல்லாம் போட்டிருக்கே!

ஜெகதாம்பாள்: என்ன போட்டிருக்கு?

நஃபீசா: வலது பக்க ஓரத்துல தேதி. எடது பக்கம் மார்ஜின், அதுவும் ஸ்கேல் வச்சு அடிச்ச மாதிரி. மேல 'கேள்வி'ன்னு தலைப்பு, அதுக்கடியில ரெண்டு கோடு. உள்ளங்கை அகலச் சீட்டுக்கு இத்தன அலங்காரம் யாரு பண்ணுவா?

ஜெகதாம்பாள்: ... யாரு பண்ணுவா?

நஃபீசா: மூடிப்போன நம்ம செந்தாமரை ஸ்கூல் ஆளுங்களத் தவிர யாரு பண்ணுவா?

ஜெகதாம்பாள்: சிரிக்காத புள்ள.

நஃபீசா: சிரிக்காம? பேரு தெரியக் கூடாதுன்னு மறைக்கிறவங்க, மார்ஜின் விட்டு எழுதிருக்காங்களே!

ஜெகதாம்பாள்: மார்ஜின் விடலன்னா நம்ம ஹெட்மாஸ்டர் அய்யாக்கண்ணு சார் நோட்டத் திருப்பி எறிவாரே. அது கைக்குப் பழகிப் போச்சு. கை என்ன பண்ணும்?

நஃபீசா: பிள்ளைங்க நோட்ட எறிஞ்சா பரவாயில்ல. நம்ம நோட்டயும் எறிஞ்சாரே. நான் சேந்த மொத வாரம். வெள்ளிக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு பிள்ளைங்க போனதும், டீச்சருங்கள எல்லாம் மூணாங்கிளாஸ் பெஞ்சுல உக்கார வச்சு, நாலு கோட்டு நோட்டு ஆளுக்கொண்ணு குடுத்தாரு. எனக்கு ஒண்ணும் புரியல. இங்க டீச்சரா சேந்தோமா, படிக்க சேந்தோமான்னு.

ஜெகதாம்பாள்: அவரு சொன்ன காரணம் ஞாபகமிருக்கா?

நஃபீசா: 'ஒரு பிள்ள ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ரெண்டாங்கிளாஸ் போனா, போர்டுல இருக்கற எழுத்தப் பாத்து மெரளக் கூடாது. எல்லா போர்டுலயும் ஒரே கை எழுதின மாதிரி இருக்கணும்.'

ஜெகதாம்பாள்: ஒரே கை. ஒம்போது பேருக்கு ஒரே கை.

நஃபீசா: எனக்கு 'ஃபேர்'னு போட்டாரு. சிவப்பு மசியில. பி.எட் முடிச்சவளுக்கு ஃபேர்! வூட்டுக்குப் போயி உம்மாகிட்ட அழுதேன்.

ஜெகதாம்பாள்: வேணுகோபால் சாருக்கு 'புவர்' போட்டு, நிக்க வச்சாரே...

நஃபீசா: நின்னுக்கிட்டே எழுதினாரு பாவம். அப்ப அவருக்கு கல்யாணம் ஆயி ஒரு வாரம்.

வேணுகோபால்: ஆறு நாளு. கணக்கு டீச்சர பக்கத்துல வச்சுக்கிட்டு கணக்கு தப்பா சொல்லாதீங்க.

நஃபீசா: அல்லா! எப்ப சார் வந்தீங்க?

வேணுகோபால்: 'பாவம்'னப்ப வந்தேன். யாரையாவது பாவம்னு சொன்னா அது நானாத்தான் இருக்கும்னு தமிழய்யாவுக்குத் தெரியாதா? என்ன, ரெண்டு பேரும் கொஸ்டின் பேப்பர் அவுட் ஆன மாதிரி சார்ட்ட சுத்தி நிக்குறீங்க?

ஜெகதாம்பாள்: ஒண்ணுமில்ல சார். சும்மா பழைய கதை.

வேணுகோபால்: அந்த மஞ்சச் சீட்டுதான? நானும் பாத்தேன். காலைலயே பாத்தேன். பாத்ததும் நெஞ்சு திக்குனு ஆச்சு, நம்ம வீட்டு நாய்க்குட்டிய அடுத்த தெருவுல பாத்த மாதிரி.

நஃபீசா: யாரு எழுதினதுன்னு நெனைக்கிறீங்க?

வேணுகோபால்: எனக்கென்ன தெரியும்? மேடம் கூட கேட்டாங்க.

நஃபீசா: உங்ககிட்டயுமா?

வேணுகோபால்: உங்ககிட்டயும் கேட்டாங்களா?

நஃபீசா: இல்ல... சும்மா கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?

வேணுகோபால்: 'மேடம், பழைய ஸ்கூல்லேர்ந்து வந்த ஒம்போது பேருக்கும் கையெழுத்து ஒண்ணு, தலையெழுத்துதான் வேற'ன்னேன். சிரிக்கல. நல்ல வசனம், வீணாப் போச்சு.

ஜெகதாம்பாள்: பேர் போட வேணாம்னு சொல்லிட்டு யாருன்னு தேடுறாங்களே, இது என்ன நியாயம் சார்?

வேணுகோபால்: ஜூன்ல கான்ட்ராக்ட் போடணும்ல டீச்சர்? பேரன்ட்ஸ் கேக்குறாங்களாம், 'இன்டர்நேஷனல்னு போர்டு வச்சுட்டு, கிளாஸ்ல தமிழ்ல கணக்கு நடத்துறாங்களே'ன்னு... ஐயோ, நான் உங்கள சொல்லல.

ஜெகதாம்பாள்: சொல்லுங்க. என்னத்தான சொல்றாங்க.

வேணுகோபால்: அப்படியில்ல. எனக்கு இந்தத் தொல்ல இல்ல பாருங்க. தமிழய்யாவுக்கு இங்கிலீஷ் வரலன்னா அது லட்சணம். கணக்கு டீச்சருக்கு வரலன்னா குத்தம். இதுல எங்க நியாயம் இருக்கு? ... ஆமா நஃபீசா டீச்சர், கேக்கணும்னே இருந்தேன். போன மாசம் பெரம்பலூர்ல ஸ்டுடியோவுல உங்களயும் உங்க பையன் தௌஃபீக்கயும் பாத்தேனே, வெள்ளத் துணிக்கு முன்னாடி உக்காந்து...

நஃபீசா: அது... தௌஃபீக்குக்கு பிளஸ் ஒன் சேக்க போட்டோ கேட்டாங்க.

வேணுகோபால்: நீங்களும் எடுத்தீங்களே?

ஜெகதாம்பாள்: சார், சமோசா தீந்துடும். அங்கமுத்து சார் நாலாவது எடுக்குறாரு பாருங்க.

வேணுகோபால்: அடப் பாவி மனுஷா! ரசம் இல்லாத கோவத்த சமோசாவுல காட்டுறாரா? இருங்க வரேன்.

நஃபீசா: ... போயிட்டாரு.

ஜெகதாம்பாள்: நல்ல மனுஷன். வாயிதான் நிக்காது.

நஃபீசா: அக்கா, இப்ப சொல்றேன், கேளுங்க. யாரும் இந்தப் பக்கம் பாக்கல. அந்தச் சீட்ட எடுத்துக் கிழிச்சுப் போட்டுடுங்க.

ஜெகதாம்பாள்: நான் எதுக்குக் கிழிக்கணும்?

நஃபீசா: நீங்க எழுதினது. நீங்கதான் கிழிக்கணும்.

ஜெகதாம்பாள்: நானா? யாரு சொன்னா? கை ஒண்ணுதான், யாரு வேணா எழுதிருக்கலாம்னு இப்பத்தான் சார் சொல்லிட்டுப் போறாரு.

நஃபீசா: அவருக்கு ஒண்ணா இருக்கும். நான் இருபத்தோரு வருஷமா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். வாக்கியம் முடிஞ்சா நீங்க பேனாவ ரெண்டு தடவ தட்டுவீங்க. ஒரு புள்ளி கருப்பா, அது பக்கத்துல குட்டியா இன்னொரு புள்ளி. பாருங்க, 'தெரியும்' பக்கத்துல ரெண்டு. 'வராது' பக்கத்துல ரெண்டு.

ஜெகதாம்பாள்: அதெல்லாமா பாப்ப?

நஃபீசா: அய்யாக்கண்ணு சாரே கண்டுபிடிக்கல. நான் கண்டுபிடிச்சேன்.

ஜெகதாம்பாள்: கெட்டிக்காரிதான் போ.

நஃபீசா: அப்ப நீங்கதான?

ஜெகதாம்பாள்: நான் ஆமான்னு சொல்லலயே.

நஃபீசா: இல்லன்னும் சொல்லலயே.

ஜெகதாம்பாள்: ... நம்ம பழைய ஸ்கூல் ஸ்டாஃப் ரூம் இப்ப என்னாச்சு தெரியுமா உனக்கு?

நஃபீசா: பேச்ச மாத்தாதீங்க.

ஜெகதாம்பாள்: மாத்தல. ஞாபகம் வந்துச்சு, சொல்றேன். போன வாரம் அரியலூர் போனப்ப எட்டிப் பாத்தேன். டைல்ஸ் கடை ஆயிடுச்சு. நம்ம ஸ்டாஃப் ரூம் இருந்த எடத்துல வாஷ் பேசின் வரிசையா நிக்குது.

நஃபீசா: எம்மவ ஹுமாவுக்கு தொட்டில் கட்டுன ஜன்னல்?

ஜெகதாம்பாள்: ஜன்னல் இருக்கு. கம்பிய அறுத்துட்டு கண்ணாடி போட்டுட்டாங்க. அங்கனயே நின்னேன். கடைக்காரன் 'என்னம்மா வேணும்'னான். என்னன்னு சொல்லுவேன்?

நஃபீசா: ஆறு மாசக் கொழந்தையத் தூக்கிட்டு வேலைக்கு வந்தேன். கொழந்தையோட வந்தா ஆவாதுன்னு எல்லா ஸ்கூல்லயும் சொல்லிட்டாங்க. நீங்கதான் அய்யாக்கண்ணு சார்கிட்ட போயி...

ஜெகதாம்பாள்: 'சார், கொழந்தைய நான் பாத்துக்குறேன், சயின்ஸ அவ பாத்துக்கட்டும்'னேன். அவ்வளவுதான்.

நஃபீசா: அவ்வளவுதானா? நாலாங்கிளாஸு, ஸ்டாஃப் ரூமுக்கு அடுத்த ரூமு. ஒரு கால வாசப்படிக்கு இந்தப் பக்கம் வச்சு தொட்டிலத் தள்ளிக்கிட்டே, அந்தப் பக்கம் பாத்து வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தீங்க. பதிமூணாம் வாய்ப்பாடு வந்தாத்தான் அவ தூங்குவா.

ஜெகதாம்பாள்: பன்னெண்டுல முழிச்சிருப்பா. பதிமூணுல கண்ணு சொருகும். மொத்த கிளாஸும் மெதுவா, தாலாட்டு மாதிரி சொல்லுவானுங்க. அந்த வருஷம் நாலாங்கிளாஸ்ல பதிமூணாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையே கிடையாது.

நஃபீசா: சிமெண்ட் ஃபேக்டரி லாரி போச்சுன்னா மட்டும் முழிச்சுக்குவா.

ஜெகதாம்பாள்: ரெட்டிபாளையத்து லாரி. தூசி வந்து பெஞ்சு பூரா படிஞ்சுடும். அப்படியே கெடக்கட்டும்டான்னு, பெஞ்சு மேலயே வெரலால கணக்கு போடச் சொல்லுவேன். தப்பா போட்டா தொடைச்சுட்டு, அடுத்த லாரிக்குக் காத்திருப்பானுங்க.

நஃபீசா: உங்களுக்கு லாரி வந்தா சந்தோஷம், எனக்கு மழ வந்தா சந்தோஷம். மழ பேஞ்ச மறுநாளு பிள்ளைங்க டவுசர் பாக்கெட் பூரா கல்லாப் போன நத்தையா கொண்டாருவானுங்க. 'மிஸ், இது எத்தன வருஷத்துக்கு முந்தி செத்துச்சு?' கோடி வருஷம்டான்னா, 'அப்ப எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?'ம்பானுங்க.

ஜெகதாம்பாள்: இப்ப பெட்டியில வருதே.

நஃபீசா: அதச் சொல்லாதீங்க, வயிறு எரியுது. டிஸ்கவரி கிட்! பெங்களூர்லேர்ந்து பார்சல்ல வந்திருக்கு. சுண்ணாம்புக் கட்டிக்குள்ள பிளாஸ்டிக் நத்தைய வச்சு, அதக் குட்டிச் சுத்தியால தட்டி எடுக்கணுமாம். ஏன் சார், நம்ம காம்பவுண்டு தாண்டி பள்ளத்துல நெசமானதே கெடக்கேன்னு கோகுல் சார்கிட்ட கேட்டேன். 'இன்சூரன்ஸ் இல்ல, பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போவ முடியாது'ங்குறாரு.

ஜெகதாம்பாள்: அத இங்கிலீஷ்ல கேட்டியா, தமிழ்லயா?

நஃபீசா: இங்கிலீஷ்லதான்.

ஜெகதாம்பாள்: அதான் பதிலாவது வந்துச்சு.

நஃபீசா: அக்கா...

ஜெகதாம்பாள்: குத்திக் காட்டலடி. உள்ளதச் சொல்றேன். ரெண்டு வருஷமா என் லெசன் பிளான் பூரா உன் போன்லேர்ந்துதான வருது? பேரன்ட்ஸ் மீட்டிங்ல நான் 'பையன் வகுத்தல்ல கொஞ்சம் தடுமாறுறான்'னு சொல்லுவேன். நீ பக்கத்து மேசைலேர்ந்து வந்து ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுவ. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே 'தேங்க்யூ மேம்'னு உனக்குக் கை குடுத்துட்டுப் போவா.

நஃபீசா: நீங்க சொன்னதத்தான நான் சொன்னேன்?

ஜெகதாம்பாள்: நான் சொன்னது ஒரு வரி புள்ள.

நஃபீசா: அந்த ஒரு வரி எனக்குத் தெரியாதே. எந்தப் பிள்ள எந்த எடத்துல தடுக்கி விழுவான்னு உங்களுக்குத்தான தெரியும்? அதச் சொல்ல ஆள் கிடையாது. பேச ஆயிரம் பேரு இருக்காங்க... சரி, இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இன்னும் அஞ்சு நிமிஷம்கூட இல்ல. சீட்ட எடுங்க.

ஜெகதாம்பாள்: எடுத்துட்டா கேள்வி போயிடுமா?

நஃபீசா: வேல போவாம இருக்கும்ல?

ஜெகதாம்பாள்: ஏன், மேடம் உன்கிட்டயும் கேட்டாங்களா?

நஃபீசா: நேரமாவுதுக்கா, சீட்ட எடுங்க.

ஜெகதாம்பாள்: கேட்டாங்க. உன் மூஞ்சியிலயே எழுதிருக்கு. எப்ப?

நஃபீசா: மத்தியானம். சாப்பிடறப்ப ரூமுக்குக் கூப்பிட்டாங்க. போன்ல சீட்ட படம் எடுத்து வச்சிருந்தாங்க. 'இது யாரு எழுத்து? உங்க செட்டுல யாரோ ஒருத்தர்தான். உங்களுக்குத் தெரியாம இருக்காது'ன்னாங்க.

ஜெகதாம்பாள்: நீ என்ன சொன்ன?

நஃபீசா: என்ன சொல்லுவேன்?

ஜெகதாம்பாள்: என் பேரச் சொல்லிட்டியா? சொல்லிருந்தா பரவாயில்லடி. நெசமாத்தான் சொல்றேன், எனக்குக் கோவமில்ல.

நஃபீசா: உங்க பேரச் சொல்ல எனக்கு வாய் வருமா?

ஜெகதாம்பாள்: பின்ன?

நஃபீசா: நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்.

ஜெகதாம்பாள்: என்னாது?

நஃபீசா: மெதுவா...

ஜெகதாம்பாள்: என்ன மெதுவா! கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு? நீ எழுதினேன்னா நம்புவாங்களா? தண்ணி பட்ட பாடா இங்கிலீஷ் பேசுறவ!

நஃபீசா: அதயேதான் கேட்டாங்க. 'பழைய ஆளுங்க எல்லாருக்காகவும் கேட்டேன் மேடம். கேக்க அவங்களுக்குப் பயம், எனக்கில்ல'ன்னேன்.

ஜெகதாம்பாள்: அதுக்கு?

நஃபீசா: 'ஆளுங்களத் தூண்டி விடுறீங்களா? உங்கள கோஆர்டினேட்டர் ஆக்கலாம்னு இருந்தேன். கான்ட்ராக்டே யோசிக்கணும் போலிருக்கே'ன்னாங்க.

ஜெகதாம்பாள்: அட பாவி மவளே! எதுக்குடி இப்படிப் பண்ண? நான் என்ன உன்னக் கேட்டேனா? நான் எழுதினத நீ எதுக்குத் தூக்கித் தலையில வச்சுக்குற? வா, இப்பவே வா. நான் போயி சொல்றேன்.

நஃபீசா: வேணாம்க்கா. சொன்னா உங்களத்தான் வேலைய விட்டு அனுப்புவாங்க.

ஜெகதாம்பாள்: அனுப்புனா அனுப்பட்டும்.

நஃபீசா: அனுப்புனா நீங்க என்ன பண்ணுவீங்க? அம்பத்து நாலு வயசுல?

ஜெகதாம்பாள்: ... தெரியல. எட்டே முக்காலுக்கு போர்டு முன்னாடி நிக்கலன்னா எனக்கு அன்னைக்கு விடிஞ்ச மாதிரியே இருக்காது. லீவு நாள்ல என்ன பண்றதுன்னு தெரியாம வூட்டுல பஸ் டிக்கெட் நம்பரக் கூட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு.

நஃபீசா: அதான் சொல்றேன். கம்முனு இருங்க. நான் சமாளிச்சுக்குறேன்.

ஜெகதாம்பாள்: உன் வேல போவும்டி!

நஃபீசா: போவட்டும்.

ஜெகதாம்பாள்: என்ன 'போவட்டும்'? எப்படி இவ்வளவு சுளுவா சொல்லுற? நீ பயந்தவ. இன்ஸ்பெக்ஷன் வந்தாலே ராத்திரி தூங்க மாட்ட. இன்னைக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இந்த தைரியம்? இங்க பாரு. என்னப் பாத்துச் சொல்லு.

நஃபீசா: ஜூன்ல நான் இங்க இருக்க மாட்டேன்க்கா. விசா வந்துடுச்சு. எனக்கும் தௌஃபீக்குக்கும். ஜூன் ஒண்ணாந்தேதி டிக்கெட், திருச்சியிலேர்ந்து. மச்சான் இருபது வருஷமா துபாயில தனியா கெடக்குறாரு. போன வருஷம் சுகர் வந்துடுச்சு. மாத்திர போட்டியா, சாப்பிட்டியான்னு நான் இங்கேர்ந்து போன்லயே கேட்டுக்கிட்டு இருக்கேன். ஹுமா காலேஜ் முடிச்சுட்டா, திருச்சியிலயே வேல கெடச்சு ஹாஸ்டல்ல இருக்கேன்னுட்டா. இனிமே என்ன சாக்கு சொல்லுவேன் அவருகிட்ட?

ஜெகதாம்பாள்: நல்ல விஷயம்தான புள்ள. புருஷன்கிட்டப் போற.

நஃபீசா: நல்ல விஷயம்தான். ஆனா உங்ககிட்ட சொல்ல வாய் வரலயே. தெனமும் காலைல இன்னைக்கு சொல்லிடணும்னு லெப்பைக்குடிக்காட்டுல பஸ் ஏறுவேன். உங்களப் பாத்ததும், டிபன் பாக்ஸத் தொறந்து 'இந்தா, இட்லி எடுத்துக்க'ம்பீங்க. அவ்வளவுதான், இட்லிய எடுத்துக்கிட்டு கம்முனு இருந்துடுவேன். ஸ்டுடியோன்னு சார் ஆரம்பிச்சப்ப எனக்கு உசுரே போயிடுச்சு.

ஜெகதாம்பாள்: அழாத. மூக்கத் தொட. பாக்குறாங்க.

நஃபீசா: அதனால நான்தான் எழுதினேன்னு சொன்னது பெரிய தியாகம்லாம் இல்லக்கா. போறவதான நான்? எனக்கு என்ன போயிடப் போவுது? போறப்ப உங்களுக்கு இதாவது பண்ணிட்டுப் போறேனே.

ஜெகதாம்பாள்: பண்ண வேணாம். என் கேள்விய எனக்கே விட்டுட்டுப் போ.

வேணுகோபால்: டீச்சர்! ரெண்டு பேரும் வாங்க. எல்லாரும் உள்ள போயாச்சு. மேடம் வந்து உக்காந்துட்டாங்க. கோகுல் சார் சார்ட்ட எடுத்தாரச் சொல்றாரு.

ஜெகதாம்பாள்: நீங்க போங்க சார். நான் எடுத்துட்டு வரேன்.

வேணுகோபால்: நீங்களா? சரி சரி... ஏன், என்ன ஆச்சு நஃபீசா டீச்சருக்கு?

ஜெகதாம்பாள்: சமோசா காரம். போங்க சார்.

நஃபீசா: அக்கா, இப்பக்கூட நேரமிருக்கு. அந்தச் சீட்ட மட்டும் எடுத்து பைக்குள்ள போட்டுக்கங்க.

ஜெகதாம்பாள்: மாட்டேன். இந்த முனையப் புடி. சார்ட்டு மடங்காம புடி.

நஃபீசா: உள்ள போயி என்ன பண்ணப் போறீங்க?

ஜெகதாம்பாள்: எழுந்திருச்சு நிப்பேன். 'இது என் கேள்வி. எழுதினது ஜெகதாம்பாள், கணக்கு'ம்பேன்.

நஃபீசா: எந்த பாஷையில?

ஜெகதாம்பாள்: எனக்கு வர்ற பாஷையில. காதுல வந்து சொல்லிக் குடுத்த, அப்புறம் பேச மாட்டேன் உன்கூட.

நஃபீசா: நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்.

ஜெகதாம்பாள்: ஆவட்டும். நீதான் போறவளாச்சே.

நஃபீசா: ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உள்ள வாங்கக்கா. ரெண்டு வருஷமா இதே ஸ்கூல்ல இருக்கோம். எத்தன மீட்டிங் வந்துச்சு, எத்தன டிரெய்னிங் வந்துச்சு. ஒரு நாளும் வாயத் தொறக்கல நீங்க. ரெண்டு பேரும் சேந்து சமாளிச்சுக்கிட்டுத்தான இருந்தோம்? இப்ப போயி ஏன் எழுதினீங்க?

ஜெகதாம்பாள்: போன மாசம் உங்க மாமியாரு போன் பண்ணாங்க. 'புள்ள ஜூன்ல புருஷன்கிட்ட போறா டீச்சர், உங்ககிட்ட சொல்ல முடியாம வூட்டுல உக்காந்து அழுவுறா, நீங்களே கேட்டுடுங்க'ன்னாங்க. கேக்க எனக்கும் வாய் வரல. நீயா சொல்லுவன்னு இந்த ஒரு மாசமும் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன்... நீ பக்கத்துல உக்காந்திருந்த வரைக்கும் எனக்கு இந்தக் கேள்வியே வரலடி.